பழைய ஸ்டீல் ரோடு ஃப்ரேமுக்கு கியர் சாமான் வாங்கும் முன்

பழைய ரோடு சைக்கிள் ஃப்ரேம் ஒன்று கையில் வந்ததும் பெரும்பாலானோர் செய்கிற முதல் வேலை, நெட்டில் உட்கார்ந்து பளபளவென்று ஒரு கிராங்க் (பெடலைத் தாங்கும் கை) தேடுவது. அதைக் கொஞ்சம் தள்ளிப் போடுங்கள். முதலில் ஒரு வெர்னியர் (நுணுக்கமாக அளக்கும் கருவி) வாங்குங்கள். 1990க்கு முன்னால் வந்த ஸ்டீல் ஃப்ரேம்களில் இங்கிலாந்துக்கு ஒரு மரை, இத்தாலிக்கு ஒரு மரை, பிரான்ஸுக்கு ஒரு மரை என்று ஆளுக்கொரு அளவு இருந்தது. பார்வைக்கு எல்லாம் ஒன்று போலத்தான் தெரியும், மாட்டப் போனால்தான் சண்டை. ஃப்ரேம் என்ன சொல்கிறதோ அதற்குத்தான் சாமான் வாங்க வேண்டும். சாமானை வாங்கிவிட்டு ஃப்ரேமைச் சமாதானப்படுத்தப் பார்த்தால் காசு போகும், சில சமயம் ஃப்ரேமும் போகும்.

பின்னாலிருந்து ஆரம்பிப்பது நல்லது. பின் சக்கரத்தைக் கழற்றிவிட்டு இரண்டு டிராப்அவுட்டுகளின் (சக்கர ஆக்சில் உட்காரும் பிளவுகள்) உள்பக்கத்துக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி என்று அளந்து பாருங்கள். 120 மி.மீ. வந்தால் அது 5 கியர் (பின்னால் 5 பல்சக்கரம்) காலத்து ஃப்ரேம், 126 என்றால் 6 அல்லது 7 கியர், 130 என்றால் 8 கியர் வந்த பிறகு கட்டியது. ரிம் பிரேக் ரோடு சைக்கிளில் 8, 9, 10, 11 எல்லாமே இந்த 130தான். அளவு இரண்டுக்கும் நடுவே, 123, 124 என்று வந்தால் யாரோ ஏற்கெனவே இழுத்துப் பார்த்திருக்கிறார்கள், அல்லது எங்கோ ஒரு அடி பட்டிருக்கிறது. கோட்டம் இருக்கிறதா என்று பார்க்க ஒரு நூல் போதும்: ஒரு டிராப்அவுட்டில் கட்டி, முன்னால் ஹெட் டியூபைச் (ஹேண்டில்பாருக்குக் கீழே உள்ள குழாய்) சுற்றிக் கொண்டுவந்து மறு டிராப்அவுட்டில் கட்டுங்கள், சீட் டியூபுக்கும் நூலுக்கும் நடுவே இரண்டு பக்கமும் ஒரே இடைவெளி இருக்க வேண்டும்.

126 ஃப்ரேமில் 130 ஹப் (சக்கரத்தின் நடு உருளை) போடலாமா என்பதுதான் எல்லோரும் கேட்கிற கேள்வி. ஸ்டீல் என்றால் போடலாம். பக்கத்துக்கு 2 மி.மீ.தான், கையாலேயே விரித்துச் சக்கரத்தை உள்ளே தள்ளிவிடலாம். ஆனால் ஒவ்வொரு பஞ்சருக்கும் அப்படி மல்லுக்கட்டுவதை விட, ஃப்ரேம் வேலை தெரிந்த ஒருவரிடம் கொடுத்து நிரந்தரமாக விரித்து, டிராப்அவுட் இரண்டும் ஒன்றுக்கொன்று இணையாக நிற்கும்படி நிமிர்த்தி வாங்குவது மேல். இணையாக இல்லாவிட்டால் ஆக்சில் வளையும், ஒரு நாள் உடையும். 120ஐ 130 ஆக்குவதும் நடக்கிற காரியம்தான், ஆனாலும் பக்கத்துக்கு 5 மி.மீ. என்பது சின்ன விஷயமில்லை, நீங்களே மரக்கட்டையும் கம்பியும் வைத்து முயல வேண்டாம். அலுமினியம், கார்பன் ஃப்ரேம்களில் இந்தப் பேச்சே கிடையாது. வீட்டுஸ் 979, ஆலன் மாதிரி பசை போட்டு ஒட்டிய அலுமினிய ஃப்ரேமை விரித்தால் ஒட்டு விட்டுவிடும். அதில் 126 என்றால் 126 ஹப்தான்.

விரிக்கவே மனசில்லையா? 7 கியரோடு நின்றுவிடுங்கள். உண்மையில் 126 ஃப்ரேமுக்கு நான் முதலில் சொல்வது அதைத்தான்.

இப்போது பாட்டம் பிராக்கெட், அதாவது கிராங்க் ஆக்சில் சுழலும் பேரிங் தொகுதி. ஆள் அதிகம் ஏமாறுகிற இடம் இது, அதனால் பொறுமையாகப் பார்ப்போம். அது உட்காரும் ஃப்ரேம் குழாயான ஷெல்லின் அகலத்தை அளந்து பாருங்கள். 70 மி.மீ. என்றால் அநேகமாக இத்தாலி மரை: 36 மி.மீ. விட்டம், அங்குலத்துக்கு 24 மரை, இரண்டு பக்கமும் வழக்கமான வலது மரை. 68 என்றால் இங்கிலாந்து, பிரான்ஸ், சுவிஸ் மூன்றில் ஒன்று. அதைப் பிரித்துப் பார்க்க செயின் பக்கத்துக் கப்பை (ஷெல்லில் முறுக்கும் பேரிங் கிண்ணம்) எந்தப் பக்கம் திருப்பினால் கழல்கிறது என்று பார்க்க வேண்டும். வலது பக்கமாக நின்று பார்க்கும்போது கடிகாரம் சுற்றுகிற திசையில் கழன்றால் அது இடது மரை, அதாவது இங்கிலாந்து அல்லது சுவிஸ். எதிர்த் திசையில் கழன்றால் பிரான்ஸ். இங்கிலாந்து அளவு 1.37 அங்குலம், அங்குலத்துக்கு 24 மரை. பிரான்ஸும் சுவிஸும் 35 மி.மீ. விட்டம், மரைக்கு மரை 1 மி.மீ. அங்குலத்துக்கு 24 என்பது மரைக்கு 1.058 மி.மீ., ஆகவே பத்து மரையை வெர்னியரில் அளந்தால் ஒன்று 10 மி.மீ. காட்டும், மற்றது 10.6 காட்டும். மரை கேஜ் இருந்தால் இன்னும் சுலபம். கப்பின் முகத்திலேயே 1.37×24, 36×24, 35×1 என்று வெட்டியிருந்தால் இந்தக் கணக்கே தேவையில்லை, முதலில் கிரீஸைத் துடைத்துப் பாருங்கள்.

விதிவிலக்குகளும் உண்டு. மரை தேய்ந்துபோன இங்கிலாந்து ஷெல்லைக் கொஞ்சம் பெரிதாக்கி இத்தாலி மரை வெட்டுவது பழைய வைத்தியம், அதனால் 68 அகலத்தில் 36 மி.மீ. மரை வந்தால் அதிர்ச்சி வேண்டாம். ராலே தொழிற்சாலையின் பழைய சைக்கிள்கள் பலவற்றில் அங்குலத்துக்கு 26 மரை, ஷெல்லும் 71 அல்லது 76 மி.மீ. அகலம். இங்கிலாந்து ஃப்ரேம்தானே என்று சாதாரண 24 மரை கார்ட்ரிட்ஜை (பேரிங்கும் ஆக்சிலும் ஒன்றாக அடைத்த பாட்டம் பிராக்கெட்) அதில் முறுக்கினால் மரையே போய்விடும். மோட்டோபெக்கான் 1970களின் கடைசியில் சுவிஸ் மரைக்குப் போனது. பியூஜோ வெகு காலம் பிரெஞ்சு அளவில் இருந்துவிட்டு 1980களில்தான் மாறியது, ஆகவே ‘பிரெஞ்சு சைக்கிள், பிரெஞ்சு மரை’ என்று கண்ணை மூடிக்கொண்டு வாங்காதீர்கள்.

எந்த மரையானாலும் கையால் மூன்று நான்கு சுற்று சுலபமாகப் போக வேண்டும். பிறகு இறுகினால் நிறுத்துங்கள். ஸ்பேனரை நீட்டிப் பிடித்து ஒரு தள்ளு தள்ளினால் போய்விடும் என்று தோன்றும், போவது மரைதான்.

இங்கிலாந்து, இத்தாலி என்றால் கவலை இல்லை, கார்ட்ரிட்ஜ் இன்றும் கிடைக்கிறது. இத்தாலியில் வலது கப் ஓட ஓடத் தானாகக் கழலப் பார்க்கும், அதனால் மரைப் பசை தடவி நன்றாக இறுக்குங்கள். பிரான்ஸ், சுவிஸ், பழைய ராலே என்றால் மூன்று வழி. பழைய கப் நன்றாக இருந்தால் அதையே வைத்துக்கொண்டு புது ஆக்சிலும் பேரிங் பாலும் போடலாம், என் ஓட்டு இதற்குத்தான். அமெரிக்காவின் ஃபில் வுட் இந்த அபூர்வ மரைகளுக்கும் தனி வளையம் செய்கிறது, விலை கூட, ஆனால் வெகு காலம் உழைக்கும். மூன்றாவது, மரையையே தொடாமல் ஷெல்லின் இரண்டு பக்கமும் அழுத்திப் பிடித்துக்கொள்ளும் மரையில்லாத கார்ட்ரிட்ஜ். ஷெல்லின் மரை ஏற்கெனவே கெட்டுப்போன ஃப்ரேமுக்கு இதுதான் மருந்து.

கிராங்க் விஷயத்தில் ஆக்சில் முனையைப் பாருங்கள். நம்மூர் கடையில் காட்டர் பின் என்பார்களே, அது அடித்த கிராங்க் 1970கள் வரை ஐரோப்பாவின் மலிவு சைக்கிள்களிலும் உண்டு. அப்படி இருந்தால் மொத்தமாக மாற்றிவிடலாம். மற்றபடி சதுர முனைதான். இந்தச் சதுரத்திலும் இரண்டு சாதி. ஜப்பானின் ஜே.ஐ.எஸ். ஒன்று, ஐரோப்பாவின் ஐ.எஸ்.ஓ. இன்னொன்று. சரிவு இரண்டிலும் ஒன்றே, முனையின் தடிமனில் மட்டும் வித்தியாசம். ஷிமானோ, சுகினோ ஜே.ஐ.எஸ்., காம்பன்யோலோ ஐ.எஸ்.ஓ. ஐ.எஸ்.ஓ. கிராங்க்கை அதே நீளமுள்ள ஜே.ஐ.எஸ். ஆக்சிலில் போட்டால் சுமார் 4.5 மி.மீ. வெளியே தள்ளி உட்காரும். குட்டையான ஆக்சில் வாங்கிச் சமாளிக்கிறவர்கள் நிறையப் பேர், அதில் பெரிய ஆபத்தொன்றும் இல்லை. எதிர்ப்புறம், ஜே.ஐ.எஸ். கிராங்க் ஐ.எஸ்.ஓ. ஆக்சிலில் ரொம்ப உள்ளே போய் ஆக்சில் முனையிலேயே முட்டலாம், அப்புறம் எவ்வளவு இறுக்கினாலும் ஆடும்.

ஆக்சில் நீளத்தைத் தீர்மானிப்பது செயின்லைன், அதாவது செயின் ஓடும் கோடு. ஃப்ரேமின் நடுக்கோட்டிலிருந்து இரண்டு செயின்ரிங்குக்கும் (கிராங்க்கில் உள்ள பல்சக்கரங்கள்) நடுப்புள்ளி வரை அளந்தால், ரோடு டபுளுக்கு (இரண்டு ரிங் உள்ள கிராங்க்) 43.5 மி.மீ. பக்கம் வர வேண்டும். கிராங்க் தயாரித்தவர் சொன்ன ஆக்சில் நீளத்தைத் தேடிப் பிடித்து வாங்குவதுதான் நேர்வழி. ஒரு மி.மீ. கூடக் குறைய இருந்தால் ஒன்றும் ஆகாது. ஐந்து மி.மீ. தள்ளினால் செயின் எந்நேரமும் உரசும், இல்லாவிட்டால் சின்ன ரிங் செயின்ஸ்டேயில் (பின் சக்கரத்துக்குப் போகும் கீழ்க் குழாய்) இடிக்கும்.

அடுத்து, ரிங்கைக் கிராங்க்கில் பிடிக்கும் போல்ட் வட்டத்தின் விட்டம். இது தெரியாமல் பழைய கிராங்க் வாங்கினால் பிறகு மலையேறும்போது அழ வேண்டியதுதான். காம்பன்யோலோவின் பழைய ரெக்கார்ட் வகைகளில் 144 மி.மீ., அதில் போடக்கூடிய மிகச் சின்ன ரிங் 41 பல். 1980களின் நடுவில் அவர்கள் 135க்கு மாறினார்கள், அதில் 39 வரை. ஷிமானோ ரோடு கிராங்க்குகளில் 130, அதில் 38. ஸ்ட்ராங்லைட்டின் ஒரு வரிசை 122. 110 இருந்தால் 34 பல் வரை போகலாம். 52/42 ரிங்கும் பின்னால் 13-21ம் 1970களின் பந்தயக்காரர் காலுக்குப் போட்ட கணக்கு. மேடு உள்ள ஊரில் சாதாரண ஆள் ஓட்டப் போகிறார் என்றால் 110 கிராங்க் வாங்குங்கள், படத்தில் எப்படித் தெரிகிறது என்பதெல்லாம் அப்புறம்.

பழைய பிரெஞ்சு கிராங்க்கில் இன்னும் இரண்டு தொல்லை. பெடல் மரை 14×1.25 மி.மீ. ஆக இருக்கலாம், இன்றைய பெடல் 9/16 அங்குலம், அங்குலத்துக்கு 20 மரை. டிராய்ட், கோஷ் என்ற பிரெஞ்சுச் சொற்களின் முதலெழுத்து பெடலில் இருந்தால் சந்தேகப்படுங்கள். கிராங்க்கைக் கழற்றும் புல்லரும் தனி: வழக்கமான அளவு 22 மி.மீ., டி.ஏ. 23, பழைய ஸ்ட்ராங்லைட் 23.35. 22 மி.மீ. புல்லர் ஸ்ட்ராங்லைட்டில் லொடலொடவென்று உள்ளே போகும், முறுக்கினால் அலுமினிய மரையைச் சீவிக்கொண்டு வெளியே வரும்.

இப்போது பின் பல்சக்கரம். பழைய ஹப்பில் ஃப்ரீவீல் (ராட்செட்டும் பல்சக்கரங்களும் ஒன்றானது) மரையில் முறுக்கியிருக்கும், பிந்தைய ஹப்பில் கேசட் (பல்சக்கரங்கள் மட்டும்) ஹப்போடு வரும் ராட்செட் பாகமான ஃப்ரீஹப்பில் வழுக்கி உட்காரும். ஃப்ரீவீல் மரையில் இங்கிலாந்தும் இத்தாலியும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகும், பிரான்ஸ் 34.7×1 மட்டும் போகாது. ஃப்ரீவீலைக் கழற்ற அந்தந்தக் கம்பெனிக்குத் தனி டூல். சன்டூரில் இரண்டு வெட்டு, நான்கு வெட்டு என்று இரண்டு வகையே இருக்கிறது. பழைய ஹப்பைப் புது ரிம்மில் பின்னப் போகிறீர்கள் என்றால், ஸ்போக்கை அவிழ்க்கும் முன் ஃப்ரீவீலைக் கழற்றிவிடுங்கள். ஸ்போக் போன பிறகு பிடித்துத் திருப்ப ஒன்றும் இருக்காது.

7 கியர் ஃப்ரீவீலில் வலது பேரிங் ரொம்ப உள்ளே தள்ளி உட்காருவதால் ஆக்சில் வளைவது சகஜம், எடை கூடியவர்கள் கேசட் ஹப் பக்கம் போவது புத்திசாலித்தனம். ஷிமானோ கேசட்டில் பழையது யூனிகிளைட், கடைசிப் பல்சக்கரமே மரை போட்டு மற்றதைப் பிடித்துக்கொள்ளும். 1980களின் கடைசியில் ஹைப்பர்கிளைட் வந்தது, ஒரு பள்ளம் மட்டும் அகலமாக இருக்கும், லாக்ரிங் தனியாக வரும். இன்று கடையில் கிடைப்பது இரண்டாவது வகைக்குத்தான், ஆகவே பழைய ஹப் வாங்கும்போது அந்த அகலப் பள்ளம் இருக்கிறதா என்று படம் கேளுங்கள். 8, 9, 10 கியர் கேசட்டுகளுக்கு ஃப்ரீஹப் நீளம் ஒன்றே. அதில் 7 கியர் கேசட் போட 4.5 மி.மீ. ஸ்பேசர் வேண்டும். 11 கியர் ரோடு ஃப்ரீஹப் 1.85 மி.மீ. கூடுதல் நீளம், 10 கியர் ஹப்பில் அந்த கேசட் போகாது. புதுச் சக்கரத்தை மாட்டியதும் கடைசிச் சின்னப் பல்லில் செயினைப் போட்டுச் சீட்ஸ்டேயில் (பின் சக்கரத்துக்கு இறங்கும் மேல் குழாய்) உரசுகிறதா பாருங்கள். உரசினால் ஆக்சிலில் 1 மி.மீ. வாஷர் சேர்த்து, சக்கரத்தை மறுபடி நடுவுக்குக் கொண்டுவர வேண்டும்.

பின் டீரெய்லரில் (செயினைப் பல்லுக்குப் பல் தள்ளும் கருவி) முதலில் ஹேங்கர், அதாவது அது தொங்கும் காது. டிராப்அவுட்டிலேயே 10 மி.மீ. மரையோடு காது இருந்தால் ஷிமானோ, காம்பன்யோலோ, சன்டூர் எதுவும் ஏறும். சிம்ப்ளெக்ஸ் டிராப்அவுட்டில் மரையே இருக்காது, வெறும் ஓட்டைதான், நல்ல மெக்கானிக் அதில் மரை வெட்டித் தருவார். காதே இல்லாத ஃப்ரேமுக்கு ஆக்சிலோடு சேர்த்து மாட்டுகிற தகடு கிடைக்கும். முப்பது நாற்பது வருஷ ஃப்ரேமில் ஹேங்கர் நேராக இருந்தால் அதிசயம், கேஜ் வைத்து நிமிர்த்தச் சொல்லுங்கள்.

பிறகு கொள்ளளவு, அதாவது டீரெய்லர் சமாளிக்கும் மொத்தப் பல் வித்தியாசம். பெரிய ரிங்கிலிருந்து சின்ன ரிங்கைக் கழியுங்கள், பின்னால் பெரிய பல்லிலிருந்து சின்னப் பல்லைக் கழியுங்கள், இரண்டையும் கூட்டுங்கள். 52/42, 13-24 என்றால் 10 + 11 = 21, எந்தப் பழைய டீரெய்லரும் தாங்கும். 50/34, 12-28 என்றால் 16 + 16 = 32, இதற்கு நீளமான கூண்டு (டீரெய்லரில் செயினை இழுத்துப் பிடிக்கும் கை) வேண்டும். 1967ல் வந்த காம்பன்யோலோ நுவோவோ ரெக்கார்ட் பார்க்க அவ்வளவு அழகு, ஆனால் 26 பல்லுக்கு மேல் அதை நம்பாதீர்கள். கியர் விழுகிற சுத்தத்தில் அதே காலத்துச் சன்டூர் அதை மிஞ்சியது. சாய்ந்த இணைகரத்தை 1964ல் கொண்டுவந்தவர்கள் அவர்கள்தான், டீரெய்லர் பல்சக்கரங்களின் சரிவை ஒட்டியே நகரும். 1984ல் அந்தக் காப்புரிமை முடிந்ததும் மற்ற எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். ஆகவே உழைக்கிற டீரெய்லர் வேண்டுமென்றால் சன்டூர் அல்லது 1980களின் நடுவுக்குப் பிந்தைய ஷிமானோ.

முன் டீரெய்லருக்குச் சீட் டியூப் விட்டம்: வழக்கமாக 28.6 மி.மீ., பிரெஞ்சு ஃப்ரேமில் 28.0. பட்டை வழுக்கினால் உள்ளே மெல்லிய தகடு கொடுங்கள், அவ்வளவுதான்.

கடைசியாகக் கியர் லிவர். கிளிக் கிளிக் என்று விழுகிற இண்டெக்ஸா, கையால் தேடிப் பிடிக்கிற ஃப்ரிக்‌ஷனா? மேலே சொன்ன பொருத்தங்களில் பாதிக்கு இந்த ஒரு கேள்விதான் பதில். ஃப்ரிக்‌ஷன் லிவருக்கு ஜாதி மதம் கிடையாது. இத்தாலி டீரெய்லர், ஜப்பான் ஃப்ரீவீல், தைவான் செயின் எதையும் கலந்து ஓட்டலாம், ஹேங்கர் கொஞ்சம் கோணலாக இருந்தாலும் சமாளிக்கும். சிம்ப்ளெக்ஸ் ரெட்ரோஃப்ரிக்‌ஷன் அல்லது சன்டூரின் ராட்செட் லிவர் கிடைத்தால் விடாதீர்கள், தொட்டால் தெரியும்.

இண்டெக்ஸ் என்றால் மூன்றும் ஒரே கணக்கில் வர வேண்டும்: ஒரு கிளிக்குக்கு லிவர் இழுக்கும் கேபிள், அதை டீரெய்லர் எத்தனை மடங்கு நகர்வாக்குகிறது, பல்சக்கரங்களுக்கு நடுவே உள்ள இடைவெளி. ஷிமானோ 8 கியரில் லிவர் சுமார் 2.8 மி.மீ. இழுக்கும், டீரெய்லர் அதை 1.7 மடங்காக்கும், பல்லுக்குப் பல் 4.8 மி.மீ. 7 கியரில் இந்த இடைவெளி 5.0, 9ல் 4.35, 10ல் 3.95. ஷிமானோ ரோடு டீரெய்லர்களில் 7 முதல் 10 வரை அந்த 1.7 மாறவில்லை, அதனால் 1980களின் ஷிமானோ 105 வரிசை டீரெய்லரை 9 கியர் லிவரோடும் கேசட்டோடும் ஓட்டலாம். மாறியது லிவரின் கிளிக்கும் கேசட்டும்தான். இதில் ஒரு பெரிய கண்ணி இருக்கிறது: 1984ல் இண்டெக்ஸை ஜனங்களிடம் கொண்டுபோன அதே டுரா-ஏஸ் 7400 வரிசைக்குத் தனி இழுப்பு, மற்ற ஷிமானோ லிவரோடு அது சேராது. 7400 டீரெய்லர் வாங்கினால் 7400 லிவரும் வாங்குங்கள், இல்லை ஃப்ரிக்‌ஷனில் வையுங்கள். 11 கியரிலும், 10 கியரானாலும் 4700 டியாக்ரா வரிசையிலும் மடங்கு மறுபடி மாறிவிட்டது. காம்பன்யோலோவை ஷிமானோவோடு இண்டெக்ஸில் கலப்பது எனக்குத் தலைவலியாகவே தோன்றுகிறது, விருப்பமுள்ளவர்கள் செய்கிறார்கள்.

பிரேக் லிவரிலேயே கியர் மாற்ற வேண்டுமென்றால் ஷிமானோவில் 1990க்குப் பிறகு, காம்பன்யோலோவில் 1992க்குப் பிறகு வந்த லிவர்கள். டவுன்டியூபில் (ஹெட் டியூபிலிருந்து பாட்டம் பிராக்கெட்டுக்கு இறங்கும் குழாய்) லிவர் போல்ட் குமிழ் இருந்தால் அதில் கேபிள் ஸ்டாப் மாட்டிக்கொள்ளலாம், இல்லாவிட்டால் பட்டையோடு வரும் ஸ்டாப். இண்டெக்ஸுக்குப் பிரேக் அவுட்டர் (கேபிளின் வெளி உறை) போடாதீர்கள், அமுங்கும், கிளிக் தவறும். கியர் அவுட்டர் தனியாகக் கிடைக்கிறது.

எதை வாங்குவது என்று ஒரே வரியில் கேட்டால்: ஃப்ரேமைத் தொடாமல் ஓட்ட 126ல் 7 கியர், ஃப்ரிக்‌ஷன் டவுன்டியூப் லிவர், 110 கிராங்க். விரிக்கத் தயார் என்றால் 130ல் 8 அல்லது 9 கியர் ஷிமானோ, லிவர் முதல் கேசட் வரை ஒரே வரிசை. 10, 11 எல்லாம் முடியும், ஆனால் பழைய ஃப்ரேமில் அந்த நுணுக்கமான இடைவெளிக்கு ஹேங்கர் ஒரு மயிரிழை விலகினாலும் சத்தம் போடும்.

செயின் விஷயம் சின்னது. 5, 6, 7, 8 எல்லாவற்றுக்கும் 8 கியர் செயின் ஒன்றே போதும். சன்டூர் அல்ட்ரா-6 மாதிரி நெருக்கிவைத்த ஃப்ரீவீலில் உரசினால் 9க்குப் போங்கள். பழைய கிராங்க்கில் 10 கியர் செயின் போட்டால் இரண்டு ரிங்குக்கும் நடுவே விழுந்து மாட்டிக்கொள்ள வாய்ப்புண்டு. நீளம் வெட்ட, டீரெய்லருக்குள் விடாமல் முன்னால் பெரிய ரிங், பின்னால் பெரிய பல் இரண்டையும் சுற்றிப் பிடித்து, அதற்கு மேல் ஒரு அங்குலம் சேர்த்து வெட்டுங்கள். சின்னது-சின்னதில் கொஞ்சம் தொங்கினால் பரவாயில்லை. பெரியது-பெரியதில் நீளம் பற்றாவிட்டால் டீரெய்லரை ஹேங்கரோடு பிய்த்துக்கொண்டு போய்விடும், அதனால் தெருவில் இறங்கும் முன் சைக்கிளைத் தூக்கி நிறுத்தி அந்த ஒரு கியரை மட்டும் கையால் மெதுவாகப் போட்டுப் பாருங்கள்.